முடியளவு குழாயில் இரண்டு மணிகள்

இரண்டும் இன்னும் சேர்ந்துதான் போகின்றன என்று பியூலா நினைத்துக்கொண்டாள், நினைத்த உடனே சந்தேகமும் வந்தது, சேர்ந்துதானா, சேர்ந்த மாதிரியா. மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைத்து ஒட்டி வைத்து வலது கண்ணில் நீர் கட்டியிருந்தது, துடைக்கலாமென்று கையை எடுத்தால் கண்ணாடித் துண்டு வைத்த மேடையைத் தள்ளுவது நின்றுவிடும், நின்றால் அந்த இரண்டு மணிகளும் வெளிச்ச வட்டத்தைத் தாண்டி ஓடிவிடும், அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது, எல்லாம் ஒரே மாதிரி உருண்டை, நெற்றியில் பேரா எழுதியிருக்கிறது. கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய ரப்பருக்குள் தலைமுடி அகலத்தில் ஒரு குழாய், குழாய்க்குள் கிளிசரின் கலந்த தண்ணீர், தண்ணீருக்குள் வெறும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள், ஒரு முனையில் சிரிஞ்ச் பம்ப் மெதுவாக அழுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அவள் உத்தியோகம். தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் இதைச் சொல்லப்போய், கேட்டுக்கொண்டிருந்தவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப நீ டாக்டர்தானே, என் முட்டுவலிக்கு ஒரு மாத்திரை சொல்லு" என்றாள். அன்றிலிருந்து யாரிடமும் சொல்வதில்லை. ஓட்டத்தில் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கும் இரண்டு மணிகள் கடைசிவரை சேர்ந்து போகுமா, நடுவழியில் கழன்றுகொள்ளுமா, இதைப் பார்க்கச் சம்பளம் தருகிறார்கள், வருஷா வருஷம் நீட்டிக்கும் தற்காலிகச் சம்பளம். கழுத்து வலித்தது. பின்கழுத்தில் இடது பக்கம், தோளில் சேரும் இடத்தில். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது, மூடி சரியாக மூடாத டப்பா, அதுவும் கணவன் செல்வின் வாங்கிக் கொடுத்ததுதான்.

போன் வெளியே இருந்தது. இந்த அறையின் வழக்கம் அது, யார் வந்தாலும் வராந்தாவில் இருக்கும் தட்டில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். போன் ஒருமுறை அதிர்ந்தால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீருக்குப் பூகம்பம். நல்ல வழக்கம் என்று அவளுக்கு இந்த வாரம்தான் பட்டது. போன் கையில் இல்லாதவரை கூப்பிடவில்லை என்ற குற்றமும் இல்லை. கூப்பிட வேண்டும். செல்வினைக் கூப்பிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், சொன்னால் அவன் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஆபீசிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் ராத்திரி வண்டியில் ஏறுவான், காலையில் எழும்பூரில் இறங்குவான், எட்டு வருஷமாக இறங்குகிற மாதிரி. சொல்லாவிட்டால் ஏறமாட்டான். போன ஞாயிற்றுக்கிழமை சிங்க்கில் தன் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், நாளைக்குப் பால் வேண்டாம் என்பது போலச் சொன்னான், "பியூலா, இனி நானா வரமாட்டேன். நீ வான்னு சொல்லு, வாரேன். சொல்லலன்னா…" அதற்குமேல் சொல்லவில்லை. குழாயை மூடினான். அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள், பையில் வைத்தாள். ஏன் இப்படிச் சொல்லுதீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கேஸ மூடிட்டுப் படு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். சொல்லலன்னா என்ன. அந்த வார்த்தைதான் இந்த வாரம் முழுக்கத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது, சொல்லலன்னா, சொல்லலன்னா, இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது, பஸ்ஸில், பம்ப்பில் சிரிஞ்சைப் பொருத்தும்போது. அவனே முடிக்காத வாக்கியத்தை அவள் எப்படி முடிப்பது.

மணிகள் மெல்லப் புரண்டன. பின்னால் இருந்தது முன்னால் வந்தது, முன்னால் இருந்தது பக்கவாட்டில் சரிந்து சுவர்ப் பக்கம் ஒதுங்கியது. குழாயின் நடுவில்தான் ஓட்டம் வேகம், சுவரை ஒட்டி நகர்வதே தெரியாது, அதனால் நடுவில் போகிற ஒன்று ஓரத்தில் தூங்கி வழிகிற ஒன்றை எட்டிப் பிடிக்கும், பிடித்ததும் இரண்டும் ஒன்றையொன்று சுற்றும், பிறகு ஒன்று தாண்டிப் போய்விடும், எப்போதாவது போகாது. எப்போதாவது மட்டும்தான். ஆராய்ச்சிக்குத் தலைவரான ரகோத்தமன் சாருக்கு அந்த எப்போதாவது வேண்டும், திங்கட்கிழமை யாருக்கோ காட்டப் படம் வேண்டும். போன மாதம் அப்படி ஒரு ஜோடியைப் படம் பிடித்து அவரிடம் காட்டி அசடு வழிந்தாயிற்று. கடைசிவரை ஒட்டிக்கொண்டே போன ஜோடி, பார்க்கப் பார்க்க அழகு, அவரும் சந்தோஷப்பட்டு டீ வாங்கித் தரச் சொன்னார், டீ வருவதற்குள் ஏதோ தோன்றிப் போகஸைத் திருகிப் பார்த்தால் ஒன்று தெளிகிறபோது இன்னொன்று மங்குகிறது, இன்னொன்று தெளிகிறபோது முதலாவது மங்குகிறது. ஒன்று குழாயின் கூரையை ஒட்டிப் போகிறது, ஒன்று தரையை ஒட்டி. நடுவில் ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர், அவற்றின் அளவுக்கு. கூரையை ஒட்டியதும் தரையை ஒட்டியதும் ஒரே மெத்தனத்தில் போனதால் மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஜோடி. இந்த அறைக்கு வருகிற எல்லாரும் ஒருமுறை செய்கிற தப்பு அது, சார்கூடச் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். அவள்தான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஏனோ மாடி வீட்டுச் சாந்தகுமாரி ஞாபகத்துக்கு வந்தாள், சனிக்கிழமைதோறும் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே கீழே எட்டிப் பார்ப்பவள், இவர்கள் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களப் பாத்தா கண்ணே பட்டுடும்மா, ஒரு நாளாச்சும் ஒரு சண்டைச் சத்தம் கேட்டிருக்கேனா" என்பாள். கேட்காதுதான். சண்டை போடப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்தில்தானே இருந்தான். சனி, ஞாயிறு. ஒரு வருஷம் என்று சொல்லித்தான் அவள் சென்னைக்கு வந்தாள், படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று அவன் அம்மாவிடம் சொன்னாள், படிப்பு முடிந்தது, வேலை ஒட்டிக்கொண்டது, அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவன் ஒருநாளும் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டதில்லை. அதுதான் அசதி, கேட்காதவனிடம் என்ன பதில் சொல்வது. சனிக்கிழமை காலையில் அவன் வருவதற்குள் வீட்டைக் கூட்டி, மீன் வாங்கி, கட்டிலில் இருக்கும் காகிதங்களை அள்ளி அலமாரியில் திணித்து, விருந்தாளி வருகிற வீடு மாதிரி ஆக்க வேண்டும், அவனும் விருந்தாளி மாதிரியே, குளிக்கப் போகும்போது, "துண்டு எங்க இருக்கு?" என்பான். எட்டு வருஷமாகத் துண்டு அதே கொடியில்தான் கிடக்கிறது. அதே கொடியில். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு எங்கேயாவது உட்கார்ந்துகொள்ள வேண்டும்போல் இருக்கும். அப்புறம் ராத்திரி அவளுடைய கழுத்தைப் பார்ப்பான், ஒன்றும் கேட்காமல் தைலத்தை எடுத்துவந்து அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், கட்டைவிரலால் அழுத்துவான். துண்டு இருக்கும் இடம் தெரியாதவனுக்கு வலி இருக்கும் இடம் மட்டும் எப்படித் தெரிந்தது. மேடையைத் தள்ளுகிற கை மரத்துப்போய்விட்டது, விரலை மாற்றினாள். மணிகள் வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விட்டன, அவசரமாகப் பிடித்தாள். இருக்கின்றன. போகஸைக் கொஞ்சம் திருகினாள், பயந்துகொண்டே. இரண்டும் சேர்ந்து மங்கின, இரண்டும் சேர்ந்து தெளிந்தன. ஆக ஒரே மட்டத்தில்தான். ஒரே மட்டத்தில் இருந்தால் போதுமா, நடுவில் தண்ணீர் இழையளவு இருந்தால் தெரியவா போகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனபிறகு நடந்ததைத்தான் அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், வாரம் முழுக்கச் சுற்றி வளைத்துப் போய்க்கொண்டிருந்தாள், இப்போது வேறு வழியில்லாமல் அது எதிரே வந்து நின்றது. அவன் போனதும் கதவைச் சாத்தினாள், விளக்கை அணைத்தாள், கட்டிலின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் படுத்தாள், அப்பாடா என்றிருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள், வரவில்லை. தூக்கம்தான் வந்தது, நல்ல தூக்கம், காலையில் அலாரம் அடித்துத்தான் எழுந்தாள். அந்த அப்பாடாவை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று அவன் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், அடித்திருப்பாள், வண்டியேறிப் போய் அவன் ஆபீசில் நின்று கத்தியிருப்பாள். ஒன்றுமில்லாமல் ஒருத்தன் நின்றுபோகிறான், இவள் தூங்குகிறாள். அப்படியானால் இந்த எட்டு வருஷம் எங்கே போய் ஒட்டியது. திங்கட்கிழமை ராத்திரி அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள், சாப்பிட்டிருப்பானா, அவனை அவன் அம்மாவீட்டு அடுக்களையில் உட்கார வைத்துப் பார்த்தாள், அந்த வீட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. சரி, புது வாடகை வீட்டில் உட்கார வைப்போம் என்றால் உட்கார வைக்க இடமில்லை. மாடி என்றானா கீழ்வீடு என்றானா. ஜன்னல் எந்தப் பக்கம். கட்டில் போட்டிருக்கிறானா, பாயா. மோட்டார் அடிக்கடி ரிப்பேர் என்று ஒருமுறை சொன்னான், அது மட்டும் தெரியும். ஆகவே அந்த வாரம் முழுக்கச் செல்வின் அவள் மனதில் விற்றுப்போன அடுக்களையிலேயே உட்கார்ந்திருந்தான், அவள் எழுப்பி எழுப்பி வெளியே கொண்டுவந்தாலும் திரும்பப் போய் அங்கேயே உட்கார்ந்தான்.

கதவு திறந்தது, ரகோத்தமன் சார், கையில் பிஸ்கட் பாக்கெட். அவர் எப்போதும் சாப்பிடுகிற பொருளோடுதான் வருவார், அறைக்குள் சாப்பிடக்கூடாது என்று எழுதி ஒட்டியவரும் அவர்தான். "என்னம்மா, பிரியலையே?" என்றார். "இன்னும் இல்ல சார். முனைக்கு வந்தாச்சு." அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையில் அதே படத்தைப் பார்த்தார், இரண்டு வட்டங்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி மெல்ல நகர்ந்தன. "அழகா போறதே." "போகஸ் பாத்துட்டேன் சார், ஒரே மட்டம்தான்." "அது சரி. தொட்டிருக்கா?" பியூலா மறுபடி கண்ணை ஒட்டிப் பார்த்தாள். தெரியவில்லை என்று சொல்வதற்குக்கூட அசதியாக இருந்தது. அவர் ஒரு பிஸ்கட்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "திருப்பிப் பாத்தியோ?" என்றார். "இல்ல சார்." "ஒரே பக்கமா ஓட விட்டுண்டே இருந்தா என்னம்மா தெரியும், ரெண்டும் ஓட்டத்தோட போயிண்டிருக்கும், அவ்வளவுதான். பம்ப்பைத் திருப்பு." சொல்லிவிட்டு எழுந்தார், கதவருகில் நின்று அவளைக் கொஞ்சம் பார்த்தார். "சாப்பிட்டியா நீ? முகமே சரியில்லையே." சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அவர் பிஸ்கட் பாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார், தான் எழுதி ஒட்டிய காகிதத்துக்கு நேர் கீழே.

பம்ப்பை நிறுத்தினாள். தண்ணீர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், மணிகள் அப்படியே அந்தரத்தில் நின்றன, முனைக்கு வந்தும் பிரியாமல். இவ்வளவு குறுகலான குழாயில் இவ்வளவு மெதுவான ஓட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு, எந்தப் பக்கம் தள்ளினாயோ அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு இழுத்தால் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும், படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிற மாதிரி, ஒவ்வொரு மணியும் தான் கிளம்பிய இடத்தில் போய் நிற்கும், நடுவில் எதுவும் நடக்காத மாதிரி. ஒன்றையொன்று உரசுகிற மாதிரி வந்து உரசாமல் போனவைகூட அப்படித்தான். நிஜமாகவே தொட்டுக்கொண்டவை மட்டும் பழைய இடத்துக்குப் போகாது, தொட்ட இடத்தில் மணியின் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும், அந்தச் சொரசொரப்பு பாதையைக் கொஞ்சம் மாற்றிவிடும், திரும்பும்போது அந்தக் கொஞ்சம் தெரியும். இதை அவள் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள், கையை ஆட்டி ஆட்டி. இன்றைக்குப் பம்ப்பின் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தத் தயங்கினாள். திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் நின்றுவிட்டால். எதுவுமே நடக்காத மாதிரி. முட்டாள், இது பிளாஸ்டிக், இது அரிசி மணியில்கூட ஆயிரத்தில் ஒரு பங்கு இராது, இதற்கும் அந்த அப்பாடாவுக்கும் என்ன சம்பந்தம், ஒரு சம்பந்தமும் இல்லை. அழுத்தினாள்.

எல்லாம் பின்னால் ஓட ஆரம்பித்தது. ஒற்றை மணிகள் சாதுவாக வந்த வழியே திரும்பின, சுவரோரம் இருந்தது சுவரோரமே, நடுவில் இருந்தது நடுவிலேயே. அவள் மேடையை எதிர்ப்பக்கம் தள்ளினாள், கைக்குப் பழக்கமில்லாத திசை, விரல்கள் தடுமாறின. ஜோடி புரண்டது. போகும்போது புரண்ட இடத்திலேயே புரண்டதா, கொஞ்சம் முன்னாலா, தெரியவில்லை. பிறகு கழன்றது. ஒன்று பின்வாங்கித் தன் பழைய இடத்தைப் பார்த்துப் போனது, போனது, அவள் கண்ணைத் திரைக்கு மாற்றினாள், தொடங்கும்போது மணிக்கொன்றாகப் போட்டு வைத்திருந்த சிவப்புப் புள்ளிகள் அதில் தெரிந்தன, ஒற்றை மணிகளெல்லாம் தங்கள் புள்ளிகளில் வந்து கச்சிதமாக நின்றன. இவை இரண்டும் நிற்கவில்லை. புள்ளிக்குப் பக்கத்தில், தங்கள் உடம்பில் பாதியளவு தள்ளி நின்றன, இரண்டுமே. பம்ப் நின்றது. அவள் திரையை விட்டு நிமிர்ந்தாள், கழுத்து சுளீரென்றது, கை தானாகப் பின்னால் போய் அந்த இடத்தை அழுத்தியது, கட்டைவிரலால், அவன் அழுத்துகிற மாதிரியே, சுழற்றிச் சுழற்றி. தன் கை இப்படி எப்போது பழகியது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியது. சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள், மேஜை அதிராமல். ஒரே பக்கமாக ஓட விட்டுக்கொண்டே இருந்தால் என்னம்மா தெரியும் என்று சார் சொன்னது அப்போது மறுபடி காதில் விழுந்தது. ஒரே பக்கம்தான். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு, எட்டு வருஷமும் அவன்தான் வந்தான். ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் அவள் போனாள், அவனிடம் என்று ஒருநாளும் போனதில்லை. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. தட்டில் போன் கிடந்தது, அவன் கூப்பிட்டிருக்கவில்லை.

கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் லாரிகளின் சத்தம், யாரோ கண்டெய்னர் நம்பரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "சொல்லு" என்றான்.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான்."

"வண்டிக்கு நேரம் இருக்கா?"

"இருக்கு. டிக்கெட் எடுக்கல. வரணுமா?"

வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கில்தான் இருந்தது. "வேண்டாம்" என்றாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. "சரி" என்றான், அந்தச் சரியில் ஒரு கோபமும் இல்லை, அவளைப் போலவே அவனும் களைத்துப்போயிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க வரவேண்டாம். நான் வாரேன்."

"நீயா?"

"ஆமா. இன்னைக்கு ராத்திரி வண்டிக்கு."

"இந்நேரத்துக்கு மேல டிக்கெட் கெடைக்காதே. அன்ரிசர்வ்ல விடியவிடிய நிக்கணும். உனக்குக் கழுத்து வேற…"

"நிக்கேன்."

யாரோ அவனை அந்தப் பக்கம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் பதில் சொல்லவில்லை.

"வீட்டுக்கு எப்படி வரணும்?" என்று கேட்டாள். "எந்தத் தெரு?"

"நான் ஸ்டேஷனுக்கு வந்துருவேன்லா."

"வாங்க. ஆனா எனக்குத் தெரியணும். சொல்லுங்க."

"ஸ்டேஷன விட்டு வெளிய வந்து…" என்று ஆரம்பித்தான், செருமிக்கொண்டான். "வெளிய வந்து, மொதல்ல எடது பக்கம் திரும்பணும்." அப்படியே நிறுத்திவிட்டான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, இன்னொன்றும் போனது. பியூலா வராந்தாச் சுவரில் சாய்ந்து, இரண்டும் போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"சரி, எடது பக்கம்" என்றாள். "அப்புறம்?"